போனை மாத்த வேண்டாம்... தட்டை ஜன்னல் பக்கம் நகர்த்துங்க!

மொபைலில் சாப்பாட்டை அழகாகப் படம் எடுக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பாடம்

போன மாதம் ஒரு மதியம், திருச்சியில் இருக்கும் அண்ணியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். ‘இன்றைய ஸ்பெஷல்: சுண்டைக்காய் வத்தக்குழம்பு, உருளைக்கிழங்கு ரோஸ்ட், சுட்ட அப்பளம்’ என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு போட்டோ. எவர்சில்வர் கிண்ணத்துக்குள் கறுப்பாக ஏதோ இருந்தது. கிண்ணத்தின் விளிம்பில் டியூப்லைட் வெள்ளைக் கோடாக மின்னியது. ஓரத்தில் கரித்துணி, அதற்குப் பின்னால் பாதி கேஸ் அடுப்பு. உண்மையைச் சொன்னால், மெக்கானிக் ஷாப்பில் பைக்கிலிருந்து வடித்துவைத்த பழைய ஆயில் மாதிரி இருந்தது.

அந்தக் குழம்பின் ருசி எனக்குத் தெரியும். நல்லெண்ணெய் மேலே மிதக்க, செங்கல் நிறத்தில் சுண்டவைத்து இறக்குவார். முதல் நாள் வைத்ததை மறுநாள் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள எங்கள் வீட்டில் போட்டியே நடக்கும். படத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?

அண்ணன் வேலை பார்த்த கம்பெனி மூடிய பிறகு, இரண்டு வருடங்களாக அண்ணியின் மதியச் சாப்பாட்டு ஆர்டரில்தான் பாதிக் குடும்பம் ஓடுகிறது. அன்று மாலை போன் செய்தபோது அவர் குரலில் சுரத்தே இல்லை.

“பின் தெருவுல ஒருத்தங்க புதுசா ஆரம்பிச்சிருக்காங்க. அவங்க சமையலை நான் சாப்பிட்டதில்ல. ஆனா, அந்த போட்டோவைப் பாத்தா எனக்கே ஆர்டர் பண்ணணும்போல இருக்கு. என் போன் பழசு, நாலு வருஷம் ஆச்சு. இ.எம்.ஐ-ல புதுசு ஒண்ணு வாங்கிரலாம்னு இருக்கேன்” என்றார்.

“அவசரப்படாதீங்க அண்ணி. ஞாயித்துக்கிழமை நான் வரேன்” என்றேன்.

ஹோட்டல் மெனு கார்டுகளுக்குப் படம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். பெரிய கேமராவில் நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி மொபைலுக்கும் பொருந்தும். அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணியும் நானும் செய்து பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஆர்டர் எடுப்பவர்களுக்கு மட்டுமல்ல... மகள் முதன்முதலாகச் சுட்ட கோணல்மாணல் சப்பாத்தியை ஃபேமிலி குரூப்பில் போட நினைப்பவர்களுக்கும் இது உதவும்.

முதலில் துடைக்க வேண்டியது தட்டை அல்ல

அண்ணியின் போனை வாங்கி, பின்பக்கத்தைப் பார்த்தேன். லென்ஸ் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம். சமையற்கட்டில் புழங்கும் எல்லா போன்களுக்கும் இந்த வியாதி உண்டு. தாளிக்கும் புகை, கைவிரல் பிசுக்கு எல்லாம் லென்ஸில்தான் படியும். நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால், படத்தில் வெளிச்சம் இருக்கும் இடமெல்லாம் பனிமூட்டம் போலக் கலங்கிப்போகும். நிறங்களும் வெளுத்துவிடும்.

மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணி அல்லது சுத்தமான பழைய பருத்தித் துணியால் லென்ஸை மெதுவாகத் துடைத்துவிட்டு, அதே கிண்ணத்தை மறுபடியும் எடுத்தோம். “அட, பாதி சரியாப்போச்சே!” என்றார் அண்ணி. மீதிப் பாதிதான் பெரிய பாடம்.

லைட்டை அணையுங்கள்

“நல்லா வெளிச்சமா இருக்கட்டும்னுதான் எல்லா லைட்டையும் போடுறேன்” என்றார் அண்ணி. சமையலறையில் ஒரு டியூப்லைட், அடுப்புக்கு மேலே மஞ்சள் பல்பு, ஜன்னல் வழியாகப் பகல் வெளிச்சம். மூன்றும் ஒரே நேரத்தில்.

இங்கேதான் போன் குழம்பிவிடுகிறது. வெளிச்சத்துக்கும் நிறம் உண்டு. அதைக் ‘கெல்வின்’ என்ற அளவில் சொல்வார்கள். மஞ்சள் பல்பு சுமார் 2,700 கெல்வின். பகல் வெளிச்சம் சுமார் 5,500. கடைகளில் ‘கூல் டே லைட்’ என்று விற்கும் வெள்ளை விளக்கு 6,500. எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். நம் கண்ணும் மூளையும் சேர்ந்து இந்த வித்தியாசத்தைச் சமாளித்துக்கொள்ளும். போனும் சமாளிக்கப் பார்க்கும். ஆனால், மூன்று நிற வெளிச்சம் ஒரே தட்டில் விழுந்தால், எதைச் சரிசெய்வது என்று அதற்குத் தெரியாது. சாதத்தின் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் தெரிவது இதனால்தான்.

இன்னொன்று, மலிவான சில எல்.இ.டி விளக்குகளில் சிவப்பு நிறம் சரியாகவே தெரியாது. வத்தக்குழம்பு, மீன் குழம்பு, காரச் சட்னி எல்லாமே சிவப்பும் பழுப்பும் கலந்தவை. அந்தச் சிவப்பு போய்விட்டால் மிஞ்சுவது கறுப்பு. அண்ணியின் குழம்பு ஆயிலாக மாறிய ரகசியம் இதுதான். குழம்பின் மீதும் தப்பில்லை, போனின் மீதும் தப்பில்லை.

எல்லா லைட்டையும் அணைத்தோம். அறை இருட்டானதுபோல் இருந்தது. “இந்த வெளிச்சத்துலயா?” என்று அண்ணி சந்தேகமாகப் பார்த்தார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கூடத்து ஜன்னலுக்குப் போனோம்.

தட்டு ஒரு கடிகாரம்

ஜன்னல் ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் கிண்ணத்தை வைத்தேன். “அண்ணி, இந்தக் கிண்ணத்தை ஒரு கடிகாரமா நினைச்சுக்கோங்க. நீங்க நிக்கிற இடம் 6 மணி. ஜன்னல் எத்தனை மணியில இருக்குங்கிறதுதான் விஷயமே” என்றேன்.

ஜன்னல் 6 மணியில், அதாவது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால், வெளிச்சம் நேராகப் போய் உணவின் மேல் விழும். நிழலே இருக்காது. நிழல் இல்லாவிட்டால் மேடு பள்ளம் தெரியாது. வடை வெறும் வட்டமாகவும், புட்டு வெறும் வெள்ளையாகவும் தெரியும். போன் ஃபிளாஷ் செய்வதும் இதே வேலையைத்தான். அது லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் உணவைத் தட்டையாக்கிவிடும். எண்ணெய் மினுக்கும் இடத்தில் வெள்ளைப் புள்ளியும் வைத்துவிடும். சாப்பாட்டுக்கு ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

ஜன்னல் 9 மணியிலோ 3 மணியிலோ, அதாவது பக்கவாட்டில் இருந்தால், உணவின் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் மெல்லிய நிழலும் விழும். இட்லியின் மேல் உள்ள நுண்ணிய துளைகள், மைசூர்பாகின் பொறபொறப்பு, முறுக்கின் முள் எல்லாம் கண்ணுக்குத் தெரியவரும். கையால் தொட்டுப் பார்ப்பதுபோல் இருக்கும்.

ஜன்னல் 10 அல்லது 11 மணிக்கு நகர்ந்தால் குழம்பு வகைகளுக்கு இன்னும் அழகு. பின்பக்கமாகச் சாய்ந்து வரும் வெளிச்சத்தில் எண்ணெய் மினுமினுக்கும், ரசம் கண்ணாடிபோல் துலங்கும். ஆவி பறக்க எடுக்க ஆசையா? ஜன்னலை 11 அல்லது 12 மணியில் வைத்து, லென்ஸுக்கு நேரே கிண்ணத்தின் பின்னணியில் ஓர் இருண்ட துணியோ மரப்பலகையோ இருக்கும்படி செய்யுங்கள். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் ஆவி அதில் கரைந்துவிடும்.

அண்ணியின் கிண்ணத்துக்கு 10 மணி சரியாக இருந்தது. குழம்பின் மேல் மிதந்த நல்லெண்ணெய் பொன்வட்டங்களாகத் தெரிந்தது. அண்ணி எதுவும் சொல்லவில்லை. போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இது புதிய வித்தையும் இல்லை. நெதர்லாந்து ஓவியர் வெர்மீர் 1650-களின் இறுதியில் வரைந்த, பால் ஊற்றும் பணிப்பெண்ணின் ஓவியம் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் தேடிப் பாருங்கள். இடது பக்கம் ஒரு ஜன்னல், மேஜை மேல் ரொட்டிகள். அந்த ரொட்டியின் மொறுமொறுப்பு முழுக்க ஜன்னல் வெளிச்சத்தில்தான் தெரிகிறது. 350 வருடங்களுக்கு முன்பே ஒருவர் நமக்குப் பாடம் எடுத்துவிட்டார்.

வெயில் வேறு, வெளிச்சம் வேறு

ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. ஜன்னல் வெளிச்சம் என்றால் தட்டின் மேல் வெயில் விழுவது அல்ல. நேர் வெயிலில் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் கறுப்பாக விழும். சாதம் கண்ணைக் கூசும் வெள்ளையாகிவிடும். வெயில் படாத, ஆனால் வானம் தெரிகிற ஜன்னல்தான் நமக்கு வேண்டியது.

‘வடக்கு ஜன்னலில் வெயிலே வராது, அங்கே எடுங்கள்’ என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். நம் ஊருக்கு அது பாதிதான் உண்மை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை தமிழ்நாட்டில் நடுப்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே இருக்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கலாம். எனவே திசையை நம்பாமல் கண்ணை நம்புங்கள். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் வீட்டு ஜன்னல்களைச் சுற்றிப் பாருங்கள். எங்கே, எப்போது மென்மையான வெளிச்சம் வருகிறது என்று ஒரே நாளில் தெரிந்துவிடும்.

வெயில் விழும் ஜன்னல் ஒன்றுதான் இருக்கிறதா? பழைய வெள்ளை வேட்டியை ஒற்றையாக ஜன்னலில் கட்டிவிடுங்கள். கேக் செய்ய வாங்கிய பட்டர் பேப்பரும் போதும். வெயில் வடிகட்டப்பட்டு, ஜன்னல் முழுவதும் ஒரு பெரிய மென்மையான விளக்காக மாறிவிடும்.

மறுபக்கம் ரொம்ப இருட்டாக இருந்தால், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாக்கோல் அட்டையை நிறுத்துங்கள். டி.வி வாங்கிய பெட்டியில் வந்தது போதும், அல்லது பிள்ளைகளின் வெள்ளை சார்ட். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, நிழலை லேசாக்கும். நாங்கள் அண்ணனின் வெள்ளைச் சட்டையை நாற்காலி முதுகில் மாட்டிவைத்தோம். “வேலைக்குப் போகாட்டியும் சட்டை வேலை செய்யுது பார்” என்று அண்ணன் சிரித்தார். அண்ணியும் சிரித்தார். அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது.

இட்லி ஏன் சாம்பலாகத் தெரிகிறது?

இது பலருக்கும் புரியாத புதிர். வெள்ளை வெளேரென்று இருக்கும் இட்லியை எடுத்தால், படத்தில் அழுக்கு வெள்ளையாக வருகிறது. ராகிக் களியை எடுத்தால் வெளிறிப்போய் வருகிறது. ஏன்?

போன் கேமரா, தன் முன்னால் இருக்கும் காட்சியின் மொத்த வெளிச்சத்தை ஒரு நடுத்தர அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். திரை முழுக்க வெள்ளையாக இருந்தால், ‘வெளிச்சம் ஜாஸ்தி’ என்று நினைத்துக் குறைத்துவிடும். திரை முழுக்க அடர் நிறமாக இருந்தால், ‘இருட்டு’ என்று நினைத்துக் கூட்டிவிடும். அதற்கு இட்லியும் தெரியாது, களியும் தெரியாது.

நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். திரையில் உணவின் மேல் ஒருமுறை தட்டுங்கள். ஃபோகஸ் அங்கே போகும். பெரும்பாலான போன்களில் பக்கத்திலேயே ஒரு சின்னச் சூரியன் படம் வரும். விரலால் அதை மேலே தள்ளினால் வெளிச்சம் கூடும், கீழே இழுத்தால் குறையும். இட்லி, இடியாப்பம், தயிர்சாதம், தேங்காய்ச் சட்னி ஆகியவற்றுக்குக் கொஞ்சம் மேலே. களி, அதிரசம், அல்வா, வத்தக்குழம்பு ஆகியவற்றுக்குக் கொஞ்சம் கீழே. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டாலே படத்தில் நிறம் நிஜமாகிவிடும்.

மேலே இருந்தா, பக்கத்தில் இருந்தா?

அண்ணி எல்லாப் படத்தையும் நின்றபடி, போனைக் கொஞ்சம் சாய்த்து எடுத்திருந்தார். உணவுக்கு உணவு கோணம் மாறும். மூன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நேர் மேலிருந்து: இலைச் சாப்பாடு, தாலி, கோலம்போல் பரப்பிவைத்த பலகாரத் தட்டு. பரப்புதான் இவற்றின் அழகு, உயரம் அல்ல. ஆனால், தலைக்கு மேலே லைட் எரிந்தால் உங்கள் கையும் போனும் நிழலாகத் தட்டில் விழும். லைட்டை அணைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாய்வாக, சுமார் 45 டிகிரி: கிண்ணத்தில் இருக்கும் குழம்பு, கூட்டு, பொங்கல், பிரியாணி. சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைப் பார்க்கும் கோணம் கிட்டத்தட்ட இதுதான். எதை எப்படி எடுப்பது என்று சந்தேகம் வந்தால் இதையே எடுங்கள்.

தட்டுக்கு நேராக: அடுக்கிவைத்த ஆப்பம், உப்பிய பூரி, டபராவில் ஆற்றிய நுரை ததும்பும் காபி. உயரம்தான் இவற்றின் அழகு. மேலிருந்து எடுத்தால் உப்பிய பூரியும் அமுங்கிய பூரியும் ஒன்றுதான்!

இன்னொரு தவறை எல்லாரும் செய்கிறோம். தட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் போனைக் கொண்டுபோகிறோம். போனின் சாதாரண லென்ஸ் அகலமாகப் பார்க்கும் லென்ஸ். பக்கத்தில் போனால் முன்னால் இருப்பது பூதாகரமாகவும், பின்னால் இருப்பது சிறிதாகவும் தெரியும். வட்டத் தட்டு கோணிக்கொள்ளும். ஓரடி பின்னால் தள்ளி நின்று, திரையில் ‘2x’ ஜூம் வைத்து எடுத்துப் பாருங்கள். கிண்ணம் கிண்ணமாகவே இருக்கும். கூடவே உங்கள் போனின் நிழலும் விலகிவிடும்.

எவர்சில்வர் பாத்திரத்தில் ஜன்னலே தெரிகிறதா? கண்ணாடியில் வெயில் பட்டால் ஒரு கோணத்தில் நின்றால்தானே கண் கூசும்? அதேபோல்தான் இதுவும். கிண்ணத்தைச் சுற்றி மெதுவாக ஓரடி நகர்ந்து பாருங்கள், அல்லது போனைக் கொஞ்சம் உயர்த்துங்கள். கூசல் விலகும். விலகவே இல்லையென்றால் மண்சட்டி, கல்சட்டி, பீங்கான் கிண்ணம் என்று மாற்றுங்கள். அண்ணி பரணிலிருந்து அவர் அம்மா கொடுத்த கல்சட்டியை இறக்கினார். அந்தக் கறுப்புக் கல்லில் செங்கல் நிறக் குழம்பு... அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

இலையிலேயே பாடம் இருக்கிறது

படத்துக்குள் எதை எங்கே வைப்பது என்பதைத்தான் ‘கம்போசிஷன்’ என்கிறோம். ஆங்கிலப் பெயரைக் கேட்டு பயப்பட வேண்டாம். வாழை இலையில் பரிமாறத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும். மேல்பாதியில் சின்னச் சின்னதாகக் காய், கூட்டு, ஊறுகாய். கீழ்ப்பாதியில் சாதம். ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவில் பச்சை தெரிய இடைவெளி. இதைவிட நல்ல கம்போசிஷன் பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அந்த இடைவெளிதான் முக்கியம். தட்டில் இருப்பது முழுக்க நிரம்பி வழிந்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும். ஒரு கதாநாயகனை முடிவு செய்யுங்கள். வத்தக்குழம்பு நாயகன் என்றால், அப்பளமும் உருளைக்கிழங்கும் துணை நடிகர்கள். அவர்கள் பாதி ஃபிரேமுக்கு வெளியே நின்றாலும் பரவாயில்லை.

கேமரா செட்டிங்ஸில் ‘கிரிட்’ என்று ஒன்று இருக்கும். அதை ஆன் செய்தால், திரையில் குறுக்கே இரண்டு கோடும் நெடுக்கே இரண்டு கோடும் வரும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் நான்கு புள்ளிகளில் ஏதாவது ஒன்றில் நாயகனை வைத்துப் பாருங்கள். நட்ட நடுவில் வைப்பதைவிட உயிரோட்டமாக இருக்கும். மேலிருந்து எடுக்கும் இலைச் சாப்பாட்டுக்கு இந்த விதி தேவையில்லை. அங்கே நேராக, நடுவில் வைப்பதுதான் அழகு.

இலை என்றதும் ஒரு வேண்டுகோள். நுனி, சாப்பிடுபவரின் இடது கைப் பக்கம் வர வேண்டும். படம் அழகாக இருக்கட்டும் என்று இலையைத் திருப்பிப் போட்டால், லைக் வருமோ வராதோ, வீட்டுப் பாட்டியிடமிருந்து போன் நிச்சயம் வரும்! எடிட்டிங்கில் படத்தை இடவலமாகப் புரட்டினாலும் இதே வம்புதான்.

கடைசியாக, பட்டனை அழுத்தும் முன் திரையின் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்றுப் பாருங்கள். கரித்துணி, சார்ஜர் ஒயர், பாதி செருப்பு, தட்டின் விளிம்பில் வழிந்த சாம்பார்... எல்லாம் ஓரங்களில்தான் ஒளிந்திருக்கும். எடுத்த பிறகு அழிப்பதைவிட, எடுக்கும் முன் நகர்த்துவது சுலபம்.

சாப்பாடு காத்திருக்காது

அப்பளம் ஐந்து நிமிடத்தில் நமத்துவிடும். இட்லியின் மேல்தோல் காய்ந்துவிடும். சட்னியில் தண்ணீர் பிரியும். கொத்தமல்லி வாடிவிடும். எனவே, முதலில் காலித் தட்டை ஜன்னலோரம் வைத்து இடம், கோணம், தெர்மாக்கோல் எல்லாவற்றையும் முடிவு செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு சூடாகப் பரிமாறி, உடனே எடுங்கள். தாளிப்பும் கறிவேப்பிலையும் கடைசியாக.

ராத்திரி டிபனுக்கு ஜன்னல் இல்லையே என்கிறீர்களா? அப்போதும் விதி அதேதான். எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு, ஒரே ஒரு விளக்கு. பிள்ளைகள் படிக்கும் டேபிள் லேம்ப்பை 10 மணிப் பக்கம் வைத்து, தட்டின் மேல் நேராக அடிக்காமல் வெள்ளைச் சுவரைப் பார்த்துத் திருப்புங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மென்மையாக இருக்கும். வெளிச்சம் குறைவாக இருப்பதால் கை நடுங்கினால் படம் கலங்கும். போனை ஒரு டம்ளரில் சாய்த்துவைத்து, 3 விநாடி டைமர் போட்டு எடுங்கள்.

அண்ணி எனக்குக் கற்றுக்கொடுத்தது

இதுவரை நான் ஆசிரியர். இனி அண்ணியின் முறை.

கல்சட்டியில் குழம்பை ஊற்றியதும் சுண்டைக்காய் எல்லாம் உள்ளே மூழ்கிவிட்டது. தொழில் புத்தி விடுமா? பாத்திரத்தில் மிச்சமிருந்த சுண்டைக்காயை எல்லாம் அரித்தெடுத்து மேலே குவித்தேன். படம் பிரமாதமாக வந்தது. அண்ணியின் முகம் மட்டும் மாறியது.

“இவ்ளோ சுண்டைக்காய் எல்லாருக்கும் போகாதே. ஒரு பார்சலுக்கு ஏழெட்டுதான் போகும். படத்தைப் பாத்து வாங்குறவங்க டப்பாவைத் திறந்து பாத்தா என்ன நினைப்பாங்க?” என்றார்.

சுருக்கென்றது. விளம்பர உலகில் உணவுக்குச் செய்யும் ஜோடனைகள் ஏராளம். ஐஸ்கிரீமுக்குப் பதில் மசித்த உருளைக்கிழங்கு, பாலுக்குப் பதில் வெள்ளைப் பசை என்றெல்லாம் செய்வார்கள். 1960-களின் இறுதியில் அமெரிக்காவின் பிரபல சூப் கம்பெனி ஒன்று, விளம்பரத்தில் சூப் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டது. காய்கறியும் இறைச்சியும் மூழ்காமல் மேலே நிற்க வேண்டுமாம். இது மக்களை ஏமாற்றுவது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் தலையிட்டது. நான் குவித்த சுண்டைக்காய்க்கும் அந்தக் கோலிக்கும் என்ன வித்தியாசம்?

சுண்டைக்காயைத் திரும்ப உள்ளே போட்டோம். ஒரு பார்சலுக்குப் போகும் அளவை மட்டும் எண்ணி வைத்து எடுத்தோம். ஏழே ஏழு. ஜன்னல் வெளிச்சத்தில் அதுவே நன்றாக இருந்தது.

எடிட்டிங்கிலும் அண்ணியின் கணக்கையே வைத்துக்கொள்ளலாம். கோணலைச் சரிசெய்யலாம், ஓரத்தை வெட்டலாம், வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டலாம். தட்டையும் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் நிறுத்திவிடுங்கள். ஃபில்டர் போட்டு சாம்பாரை ஆரஞ்சு நிறமாக்கினால், அப்படி ஒரு சாம்பாரை நாளை நீங்கள் வைத்தாக வேண்டும். வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பும்போது, மேலே இருக்கும் ‘ஹெச்.டி’ பட்டனைத் தட்ட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் இவ்வளவு பாடுபட்ட படம் சுருங்கித் தெளிவிழந்துவிடும்.

ஒரு நிமிட செக்லிஸ்ட்

1. லென்ஸைத் துடைத்தாயிற்றா?
2. எல்லா லைட்டும் அணைந்ததா? ஃபிளாஷ் ஆஃபா?
3. ஜன்னல் 9 முதல் 11 மணிக்குள், அல்லது 1 முதல் 3 மணிக்குள் இருக்கிறதா?
4. எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டை நிற்கிறதா?
5. ஓரடி தள்ளி நின்று, 2x வைத்தாயிற்றா?
6. உணவின் மேல் தட்டி, வெளிச்சத்தைச் சரிசெய்தாயிற்றா?
7. நான்கு ஓரங்களும் சுத்தமா?
8. படத்தில் இருப்பதுதான் பார்சலிலும் போகப்போகிறதா?

ஒரே படத்தில் ஆர்டர் குவிந்துவிட்டது என்று சொன்னால் அது கதை. அந்த வாரம் புதிதாக நான்கு பேர் கேட்டார்கள், அவ்வளவுதான். இரண்டு பேர் தொடர்கிறார்கள். இ.எம்.ஐ பேச்சு நின்றுவிட்டது. இப்போது தினமும் பதினொரு மணிக்கு முதல் பார்சலுக்கான சாப்பாடு கூடத்து ஜன்னலுக்குப் போகிறது. வெள்ளைச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பது அண்ணனின் வேலை. படம் எடுத்த தட்டை மதியம் சாப்பிடுவதும் அவர்தான்!

முதல் நாள் படத்தைப் போட்டதும், ஆரம்பத்திலிருந்தே சாப்பாடு வாங்கும் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் பதில் அனுப்பியிருந்தார். ‘இன்றைக்குக் குழம்பு நிறமே வேறாக இருக்கிறதே, புதிதாக என்ன சேர்த்தீர்கள்?’

அண்ணி டைப் செய்த பதிலை எனக்கும் ஃபார்வர்டு செய்தார்.

‘ஒன்றும் சேர்க்கவில்லை சார். ஜன்னலைத் திறந்தேன்.’